மொழி படிக்கப் போகும் மகள்

உயர்தரப் பரீட்சைப் பெறுபேறுகள் வெளியாகும் காலத்தில் எங்கள் நிலையத்துக்கு வருகிற தாய்மாரின் தொகை கூடிவிடும். வாழ்வாதார உதவிப் படிவத்துக்கும் வீட்டுத்திட்ட அலுவலுக்கும் வருகிறவர்கள், வந்த வேலை முடிந்த பிறகும் எழும்பாமல் இருந்து, பிள்ளையின் பெறுபேற்றுத் தாளைப் பையிலிருந்து எடுப்பார்கள். விஞ்ஞானப் பிரிவு, வர்த்தகப் பிரிவு என்றால் பேச்சு கெதியில் முடிந்துவிடும். கலைப்பிரிவு என்றால்தான் நீளும். அதிலும் பிள்ளை, "நான் மொழிதான் படிக்கப்போறன்" என்று ஒற்றைக்காலில் நின்றால் தாய்க்கு ஒன்றும் விளங்குவதில்லை. "தமிழ் தெரியும்தானே, பிறகேன் தமிழ் படிக்க வேணும்? பிரெஞ்சு படிச்சு இவள் ஆரோட கதைக்கப்போறாள்?" என்று கேட்பார்கள்.

நியாயமான கேள்விதான். கணவனை இழந்து, அல்லது கணவன் எங்கே என்று தெரியாமல், கோழி வளர்த்தும் தையல் தைத்தும் பிள்ளையைப் பதின்மூன்று வருடம் பள்ளிக்கு அனுப்பிய ஒரு பெண், இன்னும் நான்கு வருடம் எதற்கு என்று கேட்பதில் பிழையில்லை. சமூகவியல் படிக்கப் போனபோது எனக்கும் ஊரில் இதே கேள்வி வந்தது. ஆனால் "படித்தால் நல்லது" என்று பொதுவாகச் சொல்லித் தாய்மாரை அனுப்பிவிட எனக்கு விருப்பமில்லை. அந்தப் படிப்பில் என்ன இருக்கிறது, அதற்கும் எங்களுக்கும் என்ன தொடர்பு என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

மொழித்துறைக்குப் போகும் ஒரு மாணவி இரண்டு வகையான பாடங்களைச் சந்திப்பாள். ஒன்று, மொழியையே கற்பது. மற்றது, அந்த மொழிகளில் எழுதப்பட்ட இலக்கியங்களைக் கற்பது. ஒரு மொழியின் இலக்கியத்தை இன்னொரு மொழியின் இலக்கியத்தோடு அருகருகே வைத்துப் படிப்பதை ஒப்பியல் இலக்கியம் என்பார்கள். பெயர் பயமுறுத்தினாலும் வேலை எளிதாக விளங்கக் கூடியது. எந்த மொழியின் பாட்டு உயர்ந்தது, எது தாழ்ந்தது என்று தராசில் நிறுப்பது அதன் நோக்கமல்ல. ஒரே மாதிரியான அனுபவத்தை இரண்டு சமூகங்கள் எப்படிச் சொல்லின, ஒன்று சொல்லியதை மற்றது ஏன் சொல்லாமல் விட்டது என்று பார்ப்பதே நோக்கம். இந்தியாவில் கொல்கத்தாவின் யாதவ்பூர் பல்கலைக்கழகத்தில் 1956ஆம் ஆண்டிலேயே இதற்கென்று தனித்துறை தொடங்கிவிட்டார்கள்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். யூரிப்பிடீஸ் என்ற கிரேக்க நாடகாசிரியர் கிறிஸ்துவுக்கு முன் 415ஆம் ஆண்டில் 'ட்ரோய் நகரப் பெண்கள்' என்ற நாடகத்தை ஏதென்ஸ் நகரில் மேடையேற்றினார். ட்ரோய் நகரம் விழுந்துவிட்டது. ஆண்கள் கொல்லப்பட்டுவிட்டார்கள். எஞ்சிய பெண்கள் கூடாரங்களுக்கு முன்னால் காத்திருக்கிறார்கள், வென்ற படையில் யாருக்கு யார் அடிமையாகப் போவது என்று தெரிந்துகொள்வதற்காக. அரசியாக இருந்த ஹெக்குபா வெறுந்தரையில் கிடக்கிறாள். மருமகள் அந்திரோமாக்கியின் கையிலிருந்து அவளது சிறு பிள்ளையைப் பறித்துக்கொண்டு போகிறார்கள். நாடகம் முழுவதும் பெரும்பாலும் இந்தப் பெண்கள்தான் பேசுகிறார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது என்னவென்றால், யூரிப்பிடீஸ் கிரேக்கர். அதாவது கதையில் வென்ற பக்கத்தைச் சேர்ந்தவர். அதற்கு முந்திய வருடம்தான் ஏதென்ஸ் படை மெலோஸ் என்ற தீவைப் பிடித்து, ஆண்களைக் கொன்று, பெண்களையும் பிள்ளைகளையும் அடிமைகளாக்கியிருந்தது. அந்த ஊர்ச் சனங்களின் முன்னால்தான் அவர் தோற்றவர்களின் பெண்களை மேடையில் நிறுத்தினார்.

இப்போது எங்கள் புறநானூற்றுக்கு வாருங்கள். பறம்பு மலையை மூவேந்தரும் முற்றுகையிட்டுப் பாரியைக் கொன்ற கதை பள்ளியில் படித்ததுதான். அவனுடைய பெண் பிள்ளைகள் பாடியதாக ஒரு பாடல் அதில் இருக்கிறது. ஐந்தே அடிகள். ஒரு மாத இடைவெளிக்குள் தகப்பனையும் சொந்த மலையையும் இழந்துவிட்டதைச் சொல்லி அதோடு நின்றுவிடுகிறது. யாரையும் ஏசவில்லை, கடவுளைக் கூப்பிடவில்லை. அங்கவை, சங்கவை என்ற பெயர்கள் பிற்கால மரபில் வருபவை. புறநானூற்றில் அவர்கள் வெறுமனே 'பாரி மகளிர்'தான்.

இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்தால் கேள்விகள் தாமாகவே வரும். அங்கே பெண்களின் துயரத்தை ஓர் ஆண், அதுவும் வென்ற பக்கத்து ஆண், நீளமாக எழுதியிருக்கிறான். இங்கே இழந்த பெண்களின் வாயாலேயே வருகிறது, ஆனால் ஐந்து அடிகளில் முடிந்துவிடுகிறது. எது உண்மைக்குக் கிட்ட இருக்கிறது? நீளமாகச் சொன்னதா, சொல்லாமல் நிறுத்தியதா? ஒப்பியல் இலக்கிய வகுப்பில் இப்படியான கேள்விகளைத்தான் வைத்துக்கொண்டு மல்லுக்கட்டுவார்கள்.

எங்கள் பெண்கள் குழுக் கூட்டம் ஒன்றில் இந்தக் கதையைச் சொன்னேன். ஒரு அம்மா, "அந்தக் கிரேக்க நாடகத்தை எழுதினது எந்தப் பக்கத்து ஆள் பிள்ளை?" என்று திரும்பவும் கேட்டார். வென்ற பக்கத்து ஆள் என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப அங்கயும் ஒருத்தன் இருந்திருக்கிறான்" என்றார். இதைவிட நல்ல விளக்கவுரையை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை.

பழங்கதை பழங்கதையாகவே கிடக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2013ஆம் ஆண்டில், சிரியாவின் போரிலிருந்து தப்பி ஜோர்தான் நாட்டின் அம்மான் நகரில் அகதிகளாக இருந்த பெண்கள் இதே நாடகத்தை அரபு மொழியில் நடித்தார்கள். முன்பு மேடையேறியிராத சாதாரணக் குடும்பப் பெண்கள். நாடக வசனத்தோடு தங்கள் சொந்தக் கதைகளையும் சேர்த்துச் சொன்னார்கள். வீட்டாரின் எதிர்ப்பினாலும், ஊரில் எஞ்சியிருந்த சொந்தக்காரருக்கு ஆபத்து வந்துவிடுமோ என்ற பயத்தினாலும் சிலர் இடையில் விலகிப் போனார்கள். எஞ்சியவர்கள் நடித்து முடித்தார்கள். அந்த முயற்சி 'சிரியாவின் அரசிகள்' என்ற பெயரில் 2014இல் ஆவணப்படமாகவும் வந்தது. இரண்டாயிரத்து நானூறு வருடத்துக்கு முந்திய கிரேக்க வசனம் அந்த அகதிப் பெண்களின் வாய்க்கு எப்படி வந்தது? இடையில் மொழி படித்த யாரோ சிலர் இருந்து அதை அரபு மொழிக்குக் கொண்டு வந்தபடியால்தான்.

இது வெளிநாட்டுக்காரர் படிக்கிற படிப்பு என்றும் நினைக்க வேண்டாம். எங்கள் பேராசிரியர் க. கைலாசபதி 1960களில் இங்கிலாந்தின் பேர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் செய்த ஆய்வு இந்த வகையைச் சேர்ந்ததுதான். கிரேக்க இலக்கிய அறிஞரான ஜோர்ஜ் தொம்சன் அவரது வழிகாட்டி. சங்ககால வீரப் பாடல்களைக் கிரேக்க, ஐரிஷ் வீரப் பாடல்கள் முதலியவற்றோடு ஒப்பிட்டு அவர் எழுதிய நூலை 1968இல் ஒக்ஸ்போர்ட் வெளியிட்டது. அடுத்த வருடமே 'ஒப்பியல் இலக்கியம்' என்ற பெயரில் தமிழிலும் ஒரு நூல் தந்தார். 1974இல் யாழ்ப்பாண வளாகம் தொடங்கியபோது அதன் முதல் தலைவரும் அவரே.

அவருக்கு முந்திய தலைமுறையில் தனிநாயகம் அடிகள் இருந்தார். அவருக்குத் தெரிந்த ஐரோப்பிய மொழிகளால் நமக்குக் கிடைத்தவை பல. 1679இல் அச்சான தமிழ்–போர்த்துக்கேய அகராதி ஒன்று 1966இல் கோலாலம்பூரில் மறுபதிப்பாக வெளிவந்தது அவருடைய முயற்சியால்தான். போர்த்துக்கேயம் படிப்பது வீண் வேலை என்று யாரும் அவரைத் தடுத்திருந்தால் அந்த அகராதி ஏதோவொரு ஐரோப்பிய நூலகத்து அலுமாரியிலேயே இன்னும் இருந்திருக்கும்.

சரி, இலக்கியம் ஒருபுறம் இருக்கட்டும். மொழி என்றவுடன் எங்கள் பெண்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது இலக்கியமல்ல, அலுவலகம். அதைப் பற்றி ஒரு சம்பவத்தைச் சொல்ல வேண்டும். சம்பந்தப்பட்ட பெண்ணின் சம்மதத்தோடு, பெயரும் ஊரும் இல்லாமல் எழுதுகிறேன்.

2009ஆம் ஆண்டு மே மாதத்தில் தன் கணவரைப் படையினரிடம் நேரில் ஒப்படைத்தவர் அவர். சில வருடங்களின் பின் ஒரு விசாரணைக் குழுவின் முன்னால் வாக்குமூலம் கொடுத்தார். நான் துணைக்குப் போயிருந்தேன். எந்த இடத்தில், என்ன நேரத்தில், யார் பெயர் பதிந்தார்கள், கணவர் என்ன நிறச் சேட்டுப் போட்டிருந்தார் என்று அரை மணித்தியாலம் சொன்னார். நடுவில் இருந்த மொழிபெயர்ப்பாளர் அதைச் சில வசனங்களில் சொல்லி முடித்தார். பிறகு கையில் கிடைத்த பிரதி சிங்களத்தில் இருந்தது. வீட்டில் ஒருவருக்கும் வாசிக்கத் தெரியாது. பெட்டிக்குள் வைத்துவிட்டார்கள்.

அவருடைய மகள் அப்போது எட்டாம் வகுப்பு. பள்ளியில் இரண்டாம் மொழியாகச் சிங்களம் படிப்பித்த ஆசிரியையிடம் அந்தத் தாளைக் கொண்டுபோய் எழுத்துக்கூட்டி வாசித்திருக்கிறாள். அரை மணித்தியாலம் சொன்னது பதினொரு வரியாகியிருந்தது. அதில் தகப்பன் 'அத்துருதஹன்' ஆகிவிட்டார் என்று இருந்தது. அதாவது காணாமல் போய்விட்டார். "நான் என்ர கையால ஒப்படைச்சனான் எண்டு எத்தினை தரம் சொன்னனான்" என்று தாய் அழுதார். ஒப்படைத்தேன் என்பதற்குச் சிங்களத்தில் 'பார துன்னா' என்று ஒரு சொல் இருக்கிறது. அந்தச் சொல் அந்தத் தாளில் எங்கும் இல்லை. ஒப்படைத்தேன் என்றால் வாங்கியவர் ஒருவர் இருக்க வேண்டும். போய்விட்டார் என்றால் யாரும் பதில் சொல்லத் தேவையில்லை. ஒரு வினைச்சொல்லின் இழப்பு இவ்வளவு பெரியது.

இதை எங்கள் தாய்மார் யாரும் படிப்பிக்காமலே கண்டுபிடித்துக்கொண்டார்கள். அதனால்தான் 'காணாமற்போனோர்' என்று சொல்லாதீர்கள், 'காணாமல் ஆக்கப்பட்டோர்' என்று சொல்லுங்கள் எனப் பதாகைகளில் எழுதினார்கள். இலக்கணத்தில் தன்வினை, பிறவினை என்று படித்தோமே, அதுதான் இது. 2016ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான அலுவலகத்தின் பெயரில் 'காணாமற்போன' என்றே இருக்கிறது. 2018இல் வந்த இன்னொரு சட்டம் வலிந்து காணாமல் ஆக்கப்படுதல் என்று பேசுகிறது.

ஸ்பானிய மொழி படிக்கும் ஒரு மாணவி இதே இடத்துக்கு வேறு வழியால் வந்து சேருவாள். ஆர்ஜென்ரீனாவில் 1976 தொடக்கம் 1983 வரை இராணுவ ஆட்சி நடந்தது. பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மார் 1977 ஏப்ரல் 30ஆம் திகதி தொடக்கம் தலைநகரின் மே சதுக்கத்தில் கூடி, பின்னர் வெள்ளைத் துணியைத் தலையில் கட்டிக்கொண்டு சுற்றி நடந்தார்கள். அவர்கள் மொழியில் மறைதலைக் குறிக்கும் 'தெசபரெசேர்' என்ற வினை, சாதாரண வழக்கில், மேகம் மறைவது போலத் தானாக மறைவதைத்தான் சொல்லும். இலத்தீன் அமெரிக்காவில் அதைப் பிறவினையாக்கிப் பேசத் தொடங்கினார்கள். தமிழில் 'அவனை மறைந்தார்கள்' என்று சொன்னால் காதுக்கு எப்படி இருக்குமோ அப்படி. செய்தவன் இல்லாத வினைக்குள் செய்தவனைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். கடலுக்கு அப்பால் இருந்த அந்தத் தாய்மாருக்கு எங்கள் மொழி தெரியாது, எங்களுக்கு அவர்களுடையது தெரியாது. இரண்டு பக்கமும் ஒரே இலக்கணத் திருத்தம் நடந்திருக்கிறது. இதை எழுதி இரண்டு பக்கத்தாருக்கும் காட்ட ஸ்பானியமும் தமிழும் தெரிந்த ஒரு பெண் வேண்டும். அந்தப் பெண் எங்கள் கிராமம் ஒன்றிலிருந்து ஏன் போகக்கூடாது?

மொழிப் படிப்பு இலகுவானது என்று நான் சொல்ல வரவில்லை. மனப்பாடம் செய்த குறிப்பைப் பரீட்சைத் தாளில் இறக்கிவைத்துப் பழகிய பிள்ளைக்கு இது சரிவராது. பிரெஞ்சில் மேசை பெண்பால். சூரியன் ஆண்பால், சந்திரன் பெண்பால். ஜேர்மன் மொழிக்குப் போனால் சூரியன் பெண்பால், சந்திரன் ஆண்பால். ஏன் என்று கேட்டுப் பயனில்லை, பழகத்தான் வேண்டும். யப்பானிய மொழிக்கு மூன்று வகை எழுத்துகள். அடிப்படை எழுத்துகளே ஒரு வகைக்கு 46. அதற்கு மேல் சீனத்திலிருந்து வந்த எழுத்துகள், பொதுப் பாவனைக்கென்று வகுக்கப்பட்டவை மட்டும் 2136. ஆனால் தமிழ்ப் பிள்ளைக்கு அதில் ஒரு வசதியும் உண்டு. யப்பானிய வசனத்தில் வினைச்சொல் எங்கள் வசனத்தைப் போலவே கடைசியில் வரும். 'கொழும்புக்கு' என்பதில் 'கு' பின்னால் ஒட்டுவது போல அங்கும் உருபுகள் பெயருக்குப் பின்னால்தான் வரும். சிங்களமும் இந்த விதத்தில் தமிழோடு ஒத்துப்போகிற மொழியே.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் போக முடியாது. சந்திக்குச் சந்தி 'மூன்று மாதத்தில் கொரிய மொழி, யப்பானிய மொழி' என்று பதாகை தொங்குகிறது. வெளிநாட்டு வேலைக்குப் போவதற்காக மொழிப் பரீட்சை எழுதுவது ஒரு வகை. அது தேவைப்பட்டவர் செய்யட்டும். பல்கலைக்கழகத்தில் மூன்று நான்கு வருடம் ஒரு மொழியின் இலக்கணத்தையும் இலக்கியத்தையும் வரலாற்றையும் படிப்பது வேறு. இரண்டும் ஒன்றென்று நினைத்து, "பல்கலைக்கழகம் போகாமல் மூன்று மாதத்தில் படிக்கலாமே" என்று பிள்ளையை மறிக்கிற சித்தப்பாமாரை நான் நிறையக் கண்டிருக்கிறேன்.

எங்கே படிக்கலாம் என்று கேட்பீர்கள். களனிப் பல்கலைக்கழகத்தின் நவீன மொழிகள் துறையில் பிரெஞ்சு, ஜேர்மன், ரஷ்ய மொழி, சீனம், யப்பானியம் முதலியவை உண்டு. மொழிபெயர்ப்புக் கற்கையைக் களனியிலும் யாழ்ப்பாணத்திலும் படிக்கலாம். ஒப்பியல் இலக்கியத்தைத் தமிழ்ச் சிறப்புக்கலை படிக்கும் பிள்ளை தன் துறைக்குள்ளேயே தொடலாம். அரச பல்கலைக்கழகங்களில் கற்பித்தலுக்குக் கட்டணம் இல்லை. வருமானம் குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கு மகாபொலவும் மாணவர் உதவிப் பணமும் இருக்கின்றன. கிராம அலுவலரிடம் வருமானத்தை உறுதிப்படுத்தும் கடிதத்தை முன்கூட்டியே எடுத்து வையுங்கள். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு வருடாவருடம் வெளியிடும் கைநூல் தமிழிலும் உண்டு. பிள்ளை வாசித்தால் போதாது, பக்கத்தில் இருந்து நீங்களும் வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். சில கற்கைநெறிகளுக்கு உளச்சார்புப் பரீட்சை வைப்பார்கள். அதற்கான அறிவித்தல் தனியாக வரும். அதைத் தவறவிட்டு வெட்டுப்புள்ளி இருந்தும் இடம் இழந்த பிள்ளைகள் இருக்கிறார்கள்.

வேலை? கலைப்பட்டதாரிகள் வேலை கேட்டு வீதியில் இருந்த காட்சிகளை எல்லோரும் பார்த்திருக்கிறோம். மொழி படித்தால் அடுத்த நாளே நியமனம் என்று சொன்னால் அது பொய். ஆனால் 1987இல் 13ஆவது திருத்தத்தின் மூலம் தமிழும் அரச கரும மொழியாக்கப்பட்ட பிறகும், சிங்களமும் தமிழும் ஒழுங்காகத் தெரிந்த மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் எத்தனை அலுவலகங்கள் திண்டாடுகின்றன என்பது வரிசையில் நின்ற உங்களுக்கே தெரியும். அரச மொழிபெயர்ப்பாளர் சேவை, நீதிமன்றம், பத்திரிகை, ஆசிரியத் தொழில், சுற்றுலாத்துறை எல்லாவற்றிலும் இடம் உண்டு. வெளிநாட்டில் உள்ள உறவினர் கேட்கும் பிறப்புச் சான்றிதழையும் விவாகப் பதிவையும் ஆங்கிலத்தில் எடுக்க எவ்வளவு காசு கொடுத்தீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். அந்தக் காசு சத்தியப் பிரமாண மொழிபெயர்ப்பாளர் ஒருவரின் வருமானம். கூடவே ஒரு மொழி மட்டும் தெரிந்தவரைவிட இரண்டு, மூன்று மொழி தெரிந்தவருக்கு வாய்ப்பு அதிகம் என்பதால், வெளிநாட்டு மொழி படிக்கும் பிள்ளையிடம் சிங்களத்தையும் ஆங்கிலத்தையும் விடாதே என்று நான் கண்டிப்பாகவே சொல்வேன்.

அந்தப் பதினொரு வரித் தாளை வாசித்த பிள்ளைக்கு இப்போது களனியில் மொழிபெயர்ப்புக் கற்கைக்கு இடம் கிடைத்திருக்கிறது. தாய்க்குப் பயம். "அந்தப் பக்கம் போய் ஒரு நாள் தங்கினதில்லை மிஸ். அந்தப் பாஷை காதில விழுந்தாலே எனக்கு நெஞ்சு பதறும்" என்றார். அந்தப் பயத்தை நான் வாதாடி மாற்ற முயலவில்லை. அது அவர் பட்டதிலிருந்து வந்தது. மகள்தான் பதில் சொன்னாள், "எனக்கும் பயம்தான் அம்மா. ஆனா அவையள் எழுதினதை அவையின்ர பாஷையிலயே பிழை எண்டு சொல்ல ஏலவேணும்."

தாய் கேட்ட மற்றக் கேள்விகளுக்கு நான் விசாரித்துப் பதில் சொன்னேன். விடுதி கிடைக்குமா, வேறு தமிழ்ப் பிள்ளைகள் இருக்கிறார்களா, சுகமில்லாமல் போனால் யார் பார்ப்பது, லீவுக்கு வரும்போது இரவு பஸ்ஸில் தனிய வரலாமா. அங்கே படிக்கும் எங்கள் பக்கத்துப் பிள்ளை ஒருத்தியைத் தொலைபேசியில் பேச வைத்தேன். அது என் பேச்சைவிட உதவியது. மச்சான்காரர் இன்னும் முகத்தைத் தூக்கிக்கொண்டு திரிகிறாராம். தாய் நான்கு ஆட்டில் இரண்டை விற்று முதல் மாதச் செலவுக்கு எடுத்து வைத்திருக்கிறார். முதல் தரம் தானும் கூடப் போவதாக முடிவு. பஸ்ஸா ரயிலா என்பதில்தான் இன்னும் தாய்க்கும் மகளுக்கும் ஒத்துவரவில்லை.